அப்பா பெயர் இல்லாத ஐசி

கேள்வி: வெட்டுக்கிளியைப் பிடித்து அதன் மைட்டோகாண்ட்ரியா மரபணுத் தொடரைப் படிக்கிறார்களாமே, வேறு வேலை இல்லையா?
– ஒரு வாசகர், கிள்ளான்

பதில்: இதுவும் ஐசி (அடையாள அட்டை) கவுண்டர் வேலைதான், ஐயா. நம் ஐசியில் ‘அனாக் லெலாக்கி’ (மகன்) போட்டு அப்பா பெயர் வரும். மைட்டோகாண்ட்ரியா அம்மா வழியாகத்தான் வருகிறது; வெட்டுக்கிளி அப்பாவுக்கு அதில் இடமே இல்லை.

1995-இல் வெளியான லோகஸ்டா மைக்ரடோரியா வெட்டுக்கிளியின் தொடரில் 15,722 எழுத்துகள், 37 மரபணுக்கள். அதே பூச்சியின் உட்கருவில் இருக்கும் தொகுப்போ 600 கோடி எழுத்துகளுக்கு மேல். மனிதனுக்கு இருப்பதைப்போல இரு மடங்கு! பாதிக்கு மேல் சொன்னதையே திரும்பச் சொல்வதுதான். அதனால் இனத்தை அடையாளம் காணச் சின்னத் தொடரைப் படிப்பது லாபம்.

சிக்கல் என்னவென்றால், வெட்டுக்கிளியிடம் போலி ஐசி அதிகம். மைட்டோகாண்ட்ரியாவின் துண்டுகள் நகலாகி உட்கருவுக்குள் ஒளிந்திருக்கின்றன. லோகஸ்டாவில் 1983-லேயே பிடிபட்டது. அசலென்று நம்பி நகலைப் படித்தால் ஒரே இனம் பல இனமாகக் கணக்கில் ஏறும் என்று 2008-இல் ஓர் ஆய்வு வெட்டுக்கிளிகளையே வைத்துக் காட்டியது. வாக்காளர் பட்டியல் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஆய்வுக்குப் பெரும்பாலும் பின்னங்கால் தசையைத்தான் எடுப்பார்கள். குடலைத் தொட்டால் அது தின்ற இலையின் மரபணுவும் சேர்ந்து வரும்.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் செடியை மொட்டையடிக்கும் பருத்த ஆசாமி வலாங்கா நிக்ரிகார்னிஸாக இருக்கலாம். காலைப் பிடிக்கப் போகிறவர்கள் கவனம்: முள் உண்டு, உதையும் விழும்.