சங்கக்கடைக் கரும்பலகை

1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தது. மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்த சனத்தில் பெரும்பங்கு தென்மராட்சியில்தான் வந்து தங்கியது. அங்கே எங்கள் கொடிகாமத்தில் பள்ளிக்கூடம், கோயில் மடம், தென்னங்காணி, மாட்டுக்கொட்டில் எங்கும் ஆட்கள். நான் அப்போது கூட்டுறவுச் சங்கக்கடையில் சாமான் நிறுக்கிற பெடியன். எங்கள் மனேச்சருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். தலைமைத்துவம் பற்றி அவருக்கு ஒருவரும் வகுப்பு எடுத்ததில்லை.

பருத்தித்துறைக்குக் கப்பல் வந்தால் வரணிப் பக்கத்தால் லொறி வரும்: அரிசி, மா, சீனி, பருப்பு. சண்டை மூண்டால் ஒன்றும் வராது. வரிசை மட்டும் விடியமுன்னமே நிற்கும். அந்த நாட்களில் அவர் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கமாட்டார். எத்தனை மூட்டை இருக்கிறது, எத்தனை குடும்ப அட்டை, ஒரு அட்டைக்கு எவ்வளவு வரும் என்று கரும்பலகையில் எழுதி வாசலில் வைப்பார்.

"தம்பி, இல்லாட்டி இல்லையெண்டு சொல்லு. சனம் தாங்கும். நாளைக்கு வருமெண்டு பொய் சொன்னால்தான் தாங்காது."

இடம்பெயர்ந்து வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரைக் கணக்கெழுதக் கூப்பிட்டார். நிறுவையில் குறை என்று சத்தம் போட்டவர்களையே முறைவைத்துத் தராசடியில் நிறுத்தினார். அதோடு சந்தேகமும் அடங்கியது, அவருடைய பாரமும் பாதியானது. மின்சாரம் இல்லாத காலம். ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் அன்றைய கணக்கை அன்றே முடித்துவிட்டுத்தான் எங்களை அனுப்புவார். "கடையை வீட்டை கொண்டு போகாதையுங்கோ" என்பார்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1996 ஏப்ரலுக்குப் பிறகு வலிகாமத்துச் சனம் திரும்பிப் போனது. 2000இல் தென்மராட்சியே போர்க்களமாகி நாங்களும் ஓடினோம். மனேச்சருக்கு நித்திரை போனது, கை நடுங்கத் தொடங்கியது. அவருக்கு எப்படி இருக்கிறது என்று ஊரில் ஒருவரும் கேட்டதாக நினைவில்லை. உறுதியான மனிசனுக்கு ஆறுதல் தேவையில்லை என்றே எல்லாரும் நம்பினோம்.

இப்போது என் மகள் ஒரு நிதி நிறுவனத்தில் கிளை முகாமையாளர். 2022இல் நாடு முழுக்க எண்ணெய் வரிசை நீண்டபோது, தவணைக் காசு வாங்கப் போகிற பிள்ளைகளின் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் இல்லை. கடன் எடுத்த பெண்களிடம் காசு இல்லை. மாத இலக்கு மட்டும் மாறவில்லை. அந்த நேரத்தில்தான் முகாமையாளர்களுக்கு மன உறுதிப் பயிற்சி நடந்தது. மூச்சுப் பயிற்சி, நாட்குறிப்பு எழுதுவது, நல்லதை நினைப்பது எல்லாம் கணினித் திரையில் சொல்லிக் கொடுத்தார்கள். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். களைத்துப் போனேன் என்று ஒரு முகாமையாளர் வாய்விட்டுச் சொல்லலாம் என்பதே எங்கள் மனேச்சருக்குக் கிடைக்காத பெரிய கொடை. மகளும் அன்று கொஞ்சம் தெளிந்துதான் இருந்தாள்.

ஆனால் அன்றிரவே தலைமையகத்திலிருந்து வட்சப்பில் நாளைய வசூல் கணக்கைக் கேட்டார்கள். தாங்கப் பழக்கியவர்கள் சுமையை இறக்குவது பற்றி ஒரு வசனமும் பேசவில்லை. எனக்குக் கோபம் வந்தது, இன்றும் ஆறவில்லை. முதுகை மட்டும் பலப்படுத்திக்கொள் என்று ஒரு மனிசியிடம் சொல்வது அநியாயம்.

அவளுக்குக் கரும்பலகைக் கதையைச் சொன்னேன். கிளையில் ஒரு பலகை வைத்தாள். எந்த ஊரில் எவ்வளவு வரும், எது வரவே வராது என்று பிள்ளைகளோடு இருந்து எழுதினாள். மிருசுவில்காரர் மிருசுவிலுக்கு, வரணிக்காரர் வரணிக்கு என்று சைக்கிள் ஓடக்கூடிய தூரத்துக்குள் வேலையைப் பிரித்தாள். பொழுதுபட்டபின் ஒருவரையும் தொலைபேசியில் கூப்பிடுவதில்லை என்று முடிவெடுத்தாள். பிறகு அந்தப் பலகைக் கணக்கை அப்படியே எழுதி, இலக்கைக் குறைக்க வேண்டும், இன்னும் இரண்டு ஆட்கள் வேண்டும் என்று தலைமையகத்துக்குக் கடிதம் போட்டாள். அனுப்பமுன் என்னிடம் வாசிக்கத் தந்தாள். "அப்பா, கடுமையாக இருக்கோ?" என்று கேட்டாள். ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம் என்றேன்.