நீ என்னா கலரு, தம்பி?

உனக்குப் பச்சையாமே, தம்பி? மேனேசருக்குச் சிவப்பு. கணக்குப் பாக்குற பிள்ளைக்கு நீலம். கொழும்புலேருந்து பஸ் புடிச்சு நுவரெலியாவுக்கு வந்து, ஓட்டல்ல ரெண்டு நாள் தங்கி, கேள்வித்தாள்ல டிக் போட்டு, யாரு குணத்துக்கு என்னா கலருன்னு கண்டுபுடிச்சீங்களாம். பெறகு பேப்பருல கோபுரம் கட்டி வெளையாண்டீங்களாம். வெளையாடுங்க, வேணாங்கல. கந்தப்பளைப் பக்கம் ஹெதர்செட் தேயிலைத் தோட்டத்து ஸ்டோரையே ஓட்டலாக்கிட்டாங்க. கொழுந்து வாட்டின மாடமெல்லாம் இப்ப படுக்கை ரூம். மனுசன் வாடவும் ஒரு எடம் வேணுமில்லையா?

இந்த நாலு குணக் கணக்குக்கு வித்துப் போட்டவரு வில்லியம் மார்ஸ்டன்னு ஒரு அமெரிக்காக்காரரு. 1928-ல புஸ்தகம் எழுதுனாரு. கேள்வித்தாளு பின்னால வந்தவங்க கைவேலை. அதே மார்ஸ்டன்தான் 1941-ல 'வொண்டர் வுமன்' படக்கதையையும் உண்டாக்குனாரு. கற்பனைக்குப் பஞ்சமில்லாத மனுசன்! இன்னொரு பக்கம் ஒரு தாயும் மகளுமாச் சேந்து ஆளுங்கள 16 வகையாப் பிரிச்சு வச்சிருக்காங்க. பதினாறும் பெத்து வாழுன்னு நாம வாழ்த்துறது அவங்க காதுல எப்பிடி விழுந்துச்சோ, தெரியல.

எங்க காலத்துல குணம் பாக்க இம்புட்டுச் செலவில்ல. பனி கொட்டுற காலையில, வேலைக்கு ஆளு கூடுற பெரட்டுக்களத்துல நிக்க வச்சாப் போதும். யாரு முந்தி வர்றா, யாரு படங்கை இடுப்புல கட்டிக்கிட்டே ஓடி வர்றா, யாரு வந்ததும் குத்தம் சொல்றா, அம்புட்டும் வெளிச்சமாயிரும்.

மேல் லயத்துல ஒரு அத்தையும் மருமவளும் இருந்தாங்க. மருமவளுக்கு ரெண்டு கையும் எந்திரம். மொத நிறுவைக்கு முந்தியே கூடை ரொம்பிரும். ஆனா கையோட முத்தலும் சேந்து வந்துரும். அத்தைக்காரி ரெண்டு எலை ஒரு மொட்டுக்கு மேல தொடமாட்டா. ஒடிக்கிறப்போ சத்தங்கூடக் கேக்காது. தராசுல கொறைவுதான், ஆனா கழிச்சுப் போட ஒரு எலை இருக்காது. இவங்கள்ல யாரு ஒசத்தி? எங்க கங்காணி அந்தக் கேள்வியே கேக்கமாட்டாரு. மழையில மொறை தவறி, கொழுந்து காடாக் கெடக்குற மலைக்கு மருமவ. புதுசா வந்த பொட்டப்புள்ளைங்க பக்கத்து நெரையில அத்தை. புள்ளைங்க அவ கையப் பாத்தே படிச்சுக்கும்.

ஊர்க்கதை பேசுறவளை நடுவுல விடுவாரு. கதை கேக்கணும்னே சுத்தி நிக்கிறதுக பின்தங்காம வரும். எதுக்கெடுத்தாலும் மொணங்குறவ ஒருத்தி இருப்பாளே, அவளுக்கு ஓரத்து நெரை. "இங்க வழுக்குது, அங்க என்னமோ பறக்குது"ம்பா. மரத்துல குளவிக் கூடு தொங்குறத மொதல்ல பாத்துக் கத்துறதும் அவதான். குளவி கொட்டி உசுரு போன கதை இந்த மலையில கொஞ்சமா? உங்க ஆபீசுல அந்த மாதிரி ஆளுக்கு என்னா பேரு? 'நெகட்டிவ்'. அவளத்தானே மொதல்ல வெளிய அனுப்புவீங்க?

ஸ்டோருல இன்னொரு தினுசு. கொழுந்து 12 மணி நேரத்துக்கு மேலயும் வாடணும். நடுச்சாமத்துல எந்திரிச்சுப் போயி, ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் புடிச்சு விட்டுப் பாக்குற மனுசன் ஒருத்தரு இருந்தாரு. உதுருதா, கூடி நிக்குதா? அவருக்கு அது போதும். பகல்ல அவரு வாயிலேருந்து நாலு வார்த்தை வாங்க முடியாது. அவரக் கூட்டிவந்து வட்டமா ஒக்கார வச்சு, "ஒங்களுக்குப் புடிச்ச மிருகம் என்னா?"ன்னு கேட்டா என்னா சொல்லுவாரு?

கங்காணிக்குப் பூமாலை போடுறேன்னு நெனச்சுறாத. ஆளைத் தெரிஞ்சவனுக்கு ஆளை ஏய்க்கவும் தெரியும். பழைய காலத்துல துண்டுன்னு ஒரு சீட்டு இருந்துச்சு. ஆளுங்க பட்ட கடனை அதுல எழுதி, அந்தக் கடனோட கூட்டத்தையே ஒரு தோட்டத்துலேருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாத்துவாங்க. ஒரு ஆளு பிரிஞ்சு போக முடியாது. அதைவிடக் கெட்டியான டீமு உண்டா? 1921-ல சட்டம் போட்டுத்தான் அதை ஒழிச்சாங்க.

இப்ப உங்க ஆபீசு விசயத்துக்கு வர்றேன். அதுக்கும் மலைக் கணக்குதான். மலையில சண்டை வந்தா குணம் ஒத்துப்போகலன்னு யாரும் சொன்னதில்ல. ரோட்டோரத்துச் சமநெரை யாருக்குப் போச்சு, பாறைச் சரிவு யாரு தலையில விழுந்துச்சுன்னு பாப்பாங்க. சொந்தக்காரிக்கே தெனமும் நல்ல நெரை போனா, அந்தக் கூட்டம் ஒரு வாரம் தாங்காது. கூடைக்கு, ஈரத்துக்குன்னு தராசுல கழிக்கிறது கூடிப்போனாலும் அதேதான். 2021-ல நாள் சம்பளம் ஆயிரம் ரூவான்னாங்க. கூடவே பல தோட்டத்துல எடுக்க வேண்டிய கிலோவும் ஏறிச்சு. அன்னிக்குப் பாக்கணும் நீ! சாந்தமான அத்தை, கதைக்காரி, வாய் தொறக்காதவன், எல்லாரும் ஒரே நாள்ல சிவப்பாயிட்டாங்க. எந்தக் கேள்வித்தாளும் வைக்கல.

திங்கக்கெழம ஆபீசுக்குப் போனதும் கலரை விட்டுட்டு நெரையப் பாரு. வையிற வாடிக்கையாளரு போனை எப்பவும் யாரு எடுக்குறா? ராத்திரி எட்டு மணி வரைக்கும் யாரு இருக்கா? அந்த ஆளு செஞ்ச வேலை கூட்டத்துல யாரு பேருல எழுதப்படுது? அதை நாலு பேரு முன்னால கேட்டுத்தான் பாரேன். மறுநாளே உனக்கும் 'நெகட்டிவ்'னு பேரு வந்துரும். வரட்டுமே! குளவிக் கூட்டைப் பாத்துக் கத்துனவளுக்கும் அதானே பேரு?