சொத்தைக் கத்திரிக்கா வாங்கு சாமி

வா கண்ணு, உக்காரு. மோர் வேண்டாம், நெய் வேண்டாம், தேனும் வேண்டாம், வீகன் ஆயிட்டயாமா. நல்ல காரியந்தான். 1944-ல இங்கிலாந்துல டொனால்ட் வாட்சனும் கூட்டாளிகளும் சங்கம் வெச்சுத் தொடங்குன வழியாம். முடிஞ்ச மட்டும், நடைமுறைக்கு ஒத்துவர்ற மட்டும் உசுரை இம்சிக்காதங்கறதுதான் அவங்க வெதியாமா. அந்த 'மட்டும்' சந்துல உன்ற கொசு மட்டை நொழஞ்சுருச்சாட்ட இருக்குது. ராத்திரி பூரா பட்டு பட்டுன்னு வெடிச்சுதே!

டெங்கு கொண்டுவர்ற கொசுவுக்குப் பந்தி போடச் சொல்லல. ஆனா கடிக்கறது பொட்டக்கொசு மட்டுந்தான். ஆம்பளைக் கொசு, உன்னையாட்டவே செடிச்சாறு குடிச்சுப் பொழைக்கற வீகன். உன்ற மட்டை அதைக் கேட்டுட்டா சுட்டுது? கொல்லையில கெடக்கற கொட்டாங்குச்சியையும் டயரையும் மழைக்கு முந்தியே கவுத்துப் போட்டிருந்தா, அங்க முட்டை வெக்கவே தண்ணி இருக்காது. அதுக்குக் குனியோணும் சாமி. மட்டைக்குச் சுவிட்சு போதும்.

தங்கச்சி கல்யாணத்துக்குப் பட்டு வேண்டாம்னு சண்டை கட்டுன. அதுல ஞாயமிருக்குது. கூட்டுக்குள்ளயே புழுவை அவிச்சாத்தான் இழை அறுபடாம வரும். அது பூச்சியாகி ஓட்டை போட்டு வெளிய வந்துட்டா நீள நூல் போச்சு. உடுமலைப் பக்கம் மல்பெரி போட்டவங்க எல்லாத்துக்கும் தெரியும்.

ஆனா பட்டை உட்டவன் சந்தையில என்ன பண்ணுன? கத்திரிக்காயை ஒவ்வொண்ணாத் திருப்பி, ஊசித்துளை இருந்ததை வீசிப்போட்டு, மினுக்கறதாப் பொறுக்குன. அந்த மினுக்குக்குத்தான் தோட்டக்காரன் முதுகுல டேங்க் ஏறுது. காய்ப்புழு பொரிச்சதும் தண்டுக்குள்ளயோ காய்க்குள்ளயோ பூந்துக்கும். வெளிய அடிக்கற மருந்து அதுக்கு எட்டாது. அதனால திரும்பத் திரும்ப அடிக்கறான். உள்ள இருக்கறவன் திங்கறான். வெளிய அசுவினி தின்னுட்டு நமக்கு உதவி பண்ற பொறிவண்டு சாகுது. பூவைக் கிடுகிடுன்னு குலுக்கி மகரந்தம் உதுக்கற கருவண்டும் சாகுது. தேனைத் தொடாம நீ காப்பாத்துன புண்ணியத்தைக் கத்திரிக்கா பொறுக்குன வெரலே தின்னுருச்சு.

கடிச்ச புழு சாகட்டும்னு பி.டி. கத்திரிக்கான்னு மரபணு மாத்துன ரகம் பண்ணுனாங்க. 2010-ல அரசாங்கம் நிறுத்தி வெச்சிருச்சு. வந்திருந்தாலும், மருந்துத்தெளிப்பு கொறையுமே ஒழிய, புழுவுக்குச் சாவு சாவுதான்.

நான் மட்டும் யோக்கியனா? இனக்கவர்ச்சிப் பொறி வெக்கறேன். பொட்டப்பூச்சி வாசத்தைக் காட்டி ஆம்பளையை வரவெச்சு மாட்டிவுடறது. மாப்பிள்ளைக் கோலத்துல வர்றவனைக் கொல்றது பாவந்தான். ஆனா வேண்டாதவன் ஒருத்தனோட போகுது, பொறிவண்டும் கருவண்டும் தப்பிக்குது. சோறு திங்கறவன் எவன் கையும் சுத்தமில்ல கண்ணு. எத்தனை பேரைக் கொல்றோம்னு எண்ணிப் பாத்துக் கொறைக்கறவனுக்கும், கையைக் கழுவிக் காட்டறவனுக்கும் வித்தியாசமிருக்குது.

அதனால துளை போட்ட காயா வாங்கு. சொத்தைன்னு வெலையைக் கொறைக்காத. மருந்தடிக்காம வெளைஞ்சதான்னு கேட்டு வாங்கு. அரியறப்ப உள்ள நெளியற புழுவை என்ன பண்றதுங்கறயா? கொல்லையில கோழி மேயுது, அதுகிட்ட எறி. கோழிக்கு மட்டும் உபதேசம் பண்ணிராத, அது முட்டையை நிறுத்திப்போடும். அப்பறம் உங்க அம்மாயி உன்னைய அவிச்சுப்போடுவா.