தொட்டி அயிரைகளின் தொடர் மரணம்: ஓர் ஆய்வு

குறுந்தொகையில் பரணர் காட்டும் கிழட்டு நாரை ஒன்று, கீழைக் கடற்கரையில் சிறகொடிந்து கிடந்தபடி மேலைக் கடற்கரைத் தொண்டியின் அயிரைக்கு ஏங்குகிறது. நாரைக்கு அயிரை எட்டவில்லை என்பதே அங்கே துயரம். இவ்வாய்வாளருக்கு எட்டியது. துயரம் மட்டும் குறையவில்லை.

ஆய்வுக் களம் மதுரையில் ஒரு வீட்டு ஹால். 2 அடி நீளம், அகலமும் உயரமும் ஓரடி, ஆக 56 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி. உள்ளே நீலக் கற்களும், மூச்சு விட்டுத் திறந்து மூடும் பிளாஸ்டிக் புதையல் பெட்டியும். மாமியார் குழம்புக்காக உயிரோடு வாங்கி வந்த அரைக் கிலோ அயிரையில், மணலைக் கக்கவைக்கப் பால் ஊற்றும் முன்பே பன்னிரண்டு மீட்கப்பட்டன. எஞ்சியவை முறைப்படி ஒப்பீட்டுக் குழுவாகக் கொள்ளப்பட்டு மண்சட்டிக்குச் சென்றன. அக்குழுவின் இறப்பு விகிதம் நூறு சதவீதம். காரணம் புளியும் மிளகாயும், ஐயத்துக்கு இடமில்லை. மீட்கப்பட்ட குழுவில் மூன்று வாரத்தில் பதினொன்று போயின. காரணம் மர்மம்.

முதலில் வெயிலைச் சந்தேகித்தோம். ஆனால் வாலன்சியன் என்ற பிரெஞ்சு அறிஞர் 1846இல் இம்மீனுக்குச் சூட்டிய பெயரிலேயே ‘தெர்மாலிஸ்’ இருக்கிறது. திருகோணமலை கன்னியா வெந்நீர் ஊற்றில் கிடைத்ததால் வந்த பெயர். வெந்நீரில் பெயரெடுத்த குலம் மின்விசிறிக்கடியில் சாகுமா? அடுத்து, திருஷ்டி. தொட்டியின் மூலையில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கட்டப்பட்டன. மறுநாள் இரண்டு மிதந்தன. உடன் வசித்த தங்கமீனையும் விசாரித்தோம். அயிரைக்குக் கண்ணுக்குக் கீழே முள் உண்டு என்பதால், வழக்கு நிற்கவில்லை.

மருந்துக் கோட்பாடு சற்றே சங்கடமானது. மீன்கடைக்காரர் தந்த செம்பு மருந்தை, சீக்கிரம் குணமாகட்டும் என்று இரு மடங்காக ஊற்றியது ஆய்வாளரே. அயிரைக்குச் செதில் பேருக்குத்தான். தோலில் புதைந்த பொடிச் செதில். செம்பு மற்ற மீன்களைவிட இவற்றை எளிதில் தாக்கும். அன்று மூன்று. இவை ‘சிகிச்சைக் காலப் பிரிவு’ என்று தனியே பதியப்பட்டன.

பராமரிப்பில் குறை சொல்ல முடியாது. ஞாயிறு தவறாமல் தண்ணீர் முழுவதும் கொட்டப்பட்டு, கற்கள் பிளீச்சிங் பவுடரில் தேய்க்கப்பட்டு, பில்டர் பஞ்சு குழாயடியில் வெளுக்கும்வரை பிழியப்பட்டு, புதிய மாநகராட்சித் தண்ணீர் குளோரின் மணக்க மணக்க நிரப்பப்பட்டது. சாவுகள் பெரும்பாலும் திங்கள், செவ்வாயில் நிகழ்ந்தன. தற்செயல்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் மாற்றுக் கருத்தொன்றை முன்வைத்தாள். மீனின் கழிவிலிருந்து அமோனியா வரும்; அதைத் தின்று நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பஞ்சிலும் கல்லிலும் குடியேற நாலைந்து வாரம் பிடிக்கும்; அப்பா அவற்றை வாராவாரம் காலி செய்துவிடுகிறார்; குளோரின் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. ஆய்வாளரையே ஆய்வுக்கு உட்படுத்தும் இம்முறை மரபுக்கு விரோதமானது என்பதால் ஏற்கப்படவில்லை. மாமியாரின் மதிப்புரை சுருக்கமானது: “வாங்குன அன்னைக்கே சட்டியில போட்டிருந்தா இம்புட்டு யோசன எதுக்கு மாப்பிள்ள?”

பன்னிரண்டாவது மீனின் உடல் கிடைக்கவில்லை. அயிரை புதைந்து வாழும் சாதி. இருபது நாள் கழித்து, புதையல் பெட்டிக்கடியிலிருந்து மீசையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தது. தெருவில் குழாய் உடைந்து தண்ணீர் வராததால் அந்த இருபது நாளும் தொட்டி கழுவப்படவில்லை. கண்ணாடியில் பாசி, பஞ்சில் அழுக்கு, மீனோ கொழுகொழுவென்று இருக்கிறது. இம்முரண்பாட்டை விளக்கக் கூடுதல் தரவு தேவை. குழாயை நேற்று சரிசெய்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தொட்டியை நன்றாகக் கழுவிவிட்டு ஆய்வைத் தொடர வேண்டும்.