எண்ணெய்க் கிணற்றில் தண்ணீர் வரவழைக்கச் சில உறுதியான வழிகள்

எங்கள் ஊரான உடப்பில் எண்ணெய்க் கிணறு கிடையாது. ஆலோசனை சொல்ல அது எந்த ஊரிலும் தடையாக இருந்ததில்லை. தகுதி என்று கேட்டால், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் முந்தல் களப்பு, நடுவில் மணல். நல்ல தண்ணீர்க் கிணற்றைச் சவராக்கும் கலையை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011இல் கெய்ர்ன் லங்கா கொம்பனி வடக்கே மன்னார்ப் படுகையில் டொராடோ, பரகுடா என்ற இரண்டு கிணறுகளில் எரிவாயுவைக் கண்டது. நாளைக்கு எண்ணெயும் அகப்பட்டு, தோண்ட வருகிறவர்கள் வழி கேட்டால் கொடுக்க ஒரு தாளாவது கையில் இருக்கட்டும்.

முதலில் பாறையைத் தெரிவு செய்யுங்கள். சீரான மணற்கல் வேண்டாம். அதில் தண்ணீர் மெதுவாக, சொல்லிவிட்டு வரும். வெடிப்பு ஓடிய பாறைதான் தோது. புத்தளத்துக்கு வடக்கே அருவக்காட்டில் சீமெந்துக்காக வெட்டுகிறார்களே, அந்தச் சுண்ணாம்புக்கல்லைப் போய்ப் பாருங்கள், புரியும். கருங்கல்லும் ஆகும். தமிழ்நாட்டுக் காவிரிப் படுகையில் மாதானத்தில், வெடித்த அடிப்பாறைக்குள்ளேயே எண்ணெய் இருக்கிறது. இத்தகைய பாறையில் வெடிப்புதான் பாதை. பல வெடிப்புகள் செங்குத்தாகக் கீழே தண்ணீர் நிற்கும் இடம் வரை போகும். வெடிப்பின் அகலம் இரு மடங்கானால் அதன்வழி ஓட்டம் எட்டு மடங்காகும். ஆகவே நூறு சிறிய வெடிப்பைவிட ஒரு பெரிய வெடிப்பைத் துளைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது இழுப்பு. இதில்தான் ஆட்கள் தயங்குகிறார்கள். தயங்கவே கூடாது, முதல் நாளே முழு வேகத்தில் இழுக்க வேண்டும். எண்ணெய் இலேசு, அது மேலே மிதக்கும், உவர்நீர் அடியில் கிடக்கும். நீங்கள் மேலே இழுக்க இழுக்க, கிணற்றின் காலடியில் அழுத்தம் குறைந்து, அடி நீர் கூம்பாக எழுந்து நிற்கும். எங்கள் மணலிலும் இதே கதைதான். மழைநீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் மட்டத்தை ஓர் அடி இறக்கினால் அடியில் உப்பு காலப்போக்கில் நாற்பது அடி வரை ஏறக்கூடும் என்ற கணக்கு 1888இல் கைபென், 1901இல் ஹெர்ட்ஸ்பெர்க் ஆகியோர் பெயரில் நிற்கிறது. வாளியால் இறைத்த காலத்தில் அந்தக் கணக்கு தெரியாதவர்களுக்கும் கிணறு இனித்தது. மோட்டர் பூட்டிய பிறகு கணக்கு தெரிந்தவர்களுக்கும் கரித்தது.

எண்ணெய்க்கும் உவர்நீருக்கும் எடை வித்தியாசம் இதைவிட அதிகம் என்பதால், கூம்பைக் கிளப்பக் கொஞ்சம் கூடுதலாக உழைக்க வேண்டும். மனம் தளராதீர்கள். பெரும்பாலும் எண்ணெய்தான் தடித்தது, தண்ணீர் மெல்லியது. ஒருமுறை வெடிப்புக்குள் ஏறிவிட்டால், எங்கள் ஊர்த் திரௌபதை அம்மன் திருவிழாவுக்குக் குறுக்குச் சந்து கண்டுபிடித்த கூட்டம் மாதிரி, தண்ணீர் பிறகு வேறு வழியால் வராது. பாறையின் உடம்புக்குள் ஊறிக் கிடக்கும் எண்ணெய் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

நீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதை நல்ல மனதோடு அனுமானியுங்கள். ஷெட்லண்ட் தீவுகளுக்கு மேற்கே லங்காஸ்டர் எண்ணெய் வயல், 200 கோடி ஆண்டுக்கு மேல் பழைய வெடிப்புப் பாறை. ஹரிக்கேன் எனர்ஜி கொம்பனி 2019இல் அங்கே இரண்டு கிணறுகளில் எண்ணெய் எடுக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே தண்ணீர் கூடி ஒரு கிணற்றை நிறுத்த வேண்டி வந்தது. நீர்மட்டம் நினைத்ததைவிட மேலே இருக்கலாம் என்றது மறு ஆய்வு. எடுக்கக்கூடிய எண்ணெயின் மதிப்பீடு பாதிக்கும் கீழே இறங்கியது.

வியட்நாமின் பாக் ஹோ வயலைத் தயவுசெய்து பார்க்காதீர்கள். அதுவும் வெடித்த கருங்கல்தான். அவர்கள் கடல்நீரை அடியிலே தாங்களாகவே செலுத்தி, எண்ணெயை மேலே தள்ளவைத்தார்கள். நீரை வேலைக்கு வைத்துக்கொள்ளும் அந்தப் பழக்கம் நம் நோக்கத்துக்கு ஆகாது.

தண்ணீர் வந்தபின் காரணம் தேடாதீர்கள். எண்ணெயோடு ஒப்பிட்ட நீரின் விகிதத்தை நாள் கணக்கோடு வரைந்து, அது ஏறும் வேகம் தணிகிறதா, கூடிக்கொண்டே போகிறதா என்று பார்த்தால், கூம்பா வெடிப்பா என்று ஊகிக்கலாம் என 1995இல் கே. எஸ். சான் காட்டினார். அந்தப் படத்தை வரையவே வேண்டாம். நேரே சீமெந்தைக் கரைத்து ஊற்றுங்கள். போகாவிட்டால் பொலிமர் ஜெல்லைச் செலுத்துங்கள், எந்த வெடிப்பு என்று பாராமல். எண்ணெய் வருகிற வெடிப்பும் அடைபடும். இழுப்பைக் குறைத்துப் பார்ப்போம் என்று யாராவது சொன்னால், அவரை வேறு பிரிவுக்கு மாற்றிவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட மலிவான வழி அதுதான், கெட்ட பழக்கம் பரவிவிடும்.

இனி உங்கள் கையில் நிறையத் தண்ணீர் இருக்கும். உலகளவில் ஒரு பீப்பாய் எண்ணெயோடு சுமார் மூன்று பீப்பாய் நீர் வருவதாக நெடுநாளாகச் சொல்லப்படுகிறது. பழைய கிணறுகளில் அதைவிடப் பல மடங்கு. ஒரு பீப்பாய் 159 லீற்றர். எண்ணெய்ப் பிசுக்கும் உப்பும் கலந்த அதைக் களப்பில் விட முடியாது, இறால் வளர்க்கிறவர்கள் சும்மா விடமாட்டார்கள். சுத்தப்படுத்தித் திரும்ப நிலத்துக்குள் செலுத்தச் செலவாகும். மாத அறிக்கைக்கு மட்டும் பயப்படாதீர்கள். ‘எண்ணெய்’ என்ற பத்தியை எடுத்துவிட்டு ‘மொத்தத் திரவம்’ என்று போடுங்கள். அந்த எண் இலேசில் குறையாது.