ஒரு வாக்கியம் வேண்டும்

கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரத்தை நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஹோட்டல்களும் ரிசார்ட்டுகளும் மனைப் பிரிவுகளும் தத்தம் பெருமைகளை ஆளுயர எழுத்துகளில் பறைசாற்றும் பலகைகளின் நெரிசலுக்கு நடுவே, விளம்பரத்துக்கென்று ஒரு காசும் செலவழிக்காமல், ஆயிரம் வருஷங்களுக்கு மேலாக வாடிக்கை குன்றாது விளங்கிவரும் ஸ்தாபனம் ஒன்று உண்டென்றால், அது திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் சந்நிதிதான். காலவ ரிஷியின் 360 பெண்களையும் நாளுக்கு ஒருவராக மணந்துகொண்டவர் என்பது ஸ்தல புராணம். கல்யாணம் ஆகாதவர்கள் மாலை சாத்தி, அதைத் திரும்ப வாங்கிக் கழுத்தில் அணிந்துகொண்டு, ஒன்பது முறை பிரதட்சிணம் செய்து, வீட்டில் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்த வேண்டும். ஆனபிற்பாடு தம்பதி சமேதராய் அந்தப் பழைய மாலையுடன் மறுபடி வர வேண்டும். வியாதி தீர்க்கமாட்டாரா, மோட்சம் தரமாட்டாரா என்றால், தாராளமாகத் தருவார். ஆனால் அதையெல்லாம் அவர் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. கல்யாணம் என்ற ஒன்றோடு நிறுத்திக்கொண்டுவிட்டார். ஒற்றை ஆளாக வந்த வாடிக்கைக்காரர் அடுத்த தடவை இரண்டு பேராக வருகிற வியாபாரம் லோகத்தில் வேறு எது இருக்கிறதோ, நான் அறியேன்.

இந்த சூட்சுமம் என் மைத்துனருக்குப் பிடிபடவில்லை. மாமல்லபுரத்தில் அவருக்கு ஒரு சிற்பக்கூடம் இருக்கிறது. கை சுத்தமான கை. அவர் செதுக்கிய அம்பாளின் முகத்தைப் பார்த்தால் நாஸ்திகரும் செருப்பைக் கழற்றிவிடுவார். ஆனால் வாசலில் அவர் மாட்டியிருந்த பலகையிலோ, சுவாமி விக்கிரகங்கள், புத்தர், தலைவர்கள் சிலைகள், தோட்டத்து விளக்குகள், கல்தூண், அம்மி, ஆட்டுக்கல், கல்லறைப் பலகை என்று, பிறப்பு முதல் இறப்பு வரை மனிதனுக்குக் கல்லால் ஆகக்கூடிய சகல உபகாரங்களும் பொடி எழுத்தில் வரிசையாக அணிவகுத்திருந்தன. கடைசி வரிக்கு வந்தபோது இடம் மிஞ்சிவிட்டபடியால், ‘ஜெனரேட்டர் வாடகைக்குக் கிடைக்கும்’ என்பதைப் பெயிண்டர் விஸ்தாரமாகவே எழுதிவிட்டுப் போயிருந்தார். சாலையில் விரைகிற கார்க்காரர்களின் கண்ணில் அந்த ஒரு வரிதான் படும். இதனால், பரம்பரைச் சிற்பியான என் மைத்துனர் சுற்றுவட்டாரத்தில் ‘ஜெனரேட்டர்காரர்’ என்ற பிரசித்தியை அடைந்திருந்தார்.

இந்தக் கட்டத்தில்தான், பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனி ஒன்றில் ‘கன்டென்ட் மார்க்கெட்டிங்’ என்னும் சாஸ்திரத்தில் தேர்ந்த ஓர் இளைஞரை, மைத்துனரின் பையன் அழைத்து வந்தான். அவர் பந்தலுக்கடியில் ஓர் அரைகுறை நந்தியின்மேல் அமர்ந்து, முதல் கேள்வியைக் கேட்டார்.

“சார், உங்க பிராண்ட் என்ன சொல்லுது? ஒரே வாக்கியத்துல சொல்லுங்க.”

“என்ன சொல்லணுமோ அதைச் சொல்லும், தம்பி. எவ்வளவு செலவாகும்?” என்றார் மைத்துனர்.

பார்ப்பதற்கு விளையாட்டுப் பிள்ளையாகத் தோன்றினாலும், இளைஞர் சொன்ன சித்தாந்தத்தில் குற்றம் காண எனக்கு இயலவில்லை. சொல்ல வேண்டியது இன்னதென்று தீர்மானிக்காமல் வீடியோ போடுவது வீண். பார்க்கிறவர் எந்த மூலையில் பார்த்தாலும் அதே ஒரு சேதிதான் அவர் காதில் விழ வேண்டும். எல்லோருக்கும் எல்லாம் சொல்கிறவன் ஒருவருக்கும் ஒன்றும் சொன்னவன் ஆகமாட்டான் என்பது அவர் கட்சி. பையன் அதுவரை போட்டிருந்த ரீல்ஸ்களில் ஒன்று பக்திப் பாடலோடும், ஒன்று கிரைண்டரைக் கையில் பிடித்த நடனத்தோடும், ஒன்று ஆடித் தள்ளுபடியோடும் இருந்ததைப் பார்த்தபின், அந்தக் கட்சியில் நானும் சேர்ந்துவிட்டேன். சேர்ந்ததன் பலன் உடனே கிடைத்தது. “மாமா, பத்திரிகையில எழுதறவர் நீங்கதான். அந்த வாக்கியத்தை நீங்களே எழுதிக் குடுத்துடுங்க” என்று மைத்துனர் பாரத்தை என் தலையில் இறக்கிவைத்தார்.

இத்தகைய விஷயத்தில் முன்னோர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கலாமே என, அர்ஜுனன் தபசுக்கு எதிரே போய் நின்றேன். ஏறக்குறைய 100 அடி அகலமும் 40 அடிக்கு மேல் உயரமும் கொண்ட பாறையில், தேவர்களும் கின்னரர்களும் நாகர்களும் வேடர்களும் யானைகளுமாக நூற்றுக்கு மேற்பட்ட உருவங்களை உயிர் ததும்பச் செதுக்கிவிட்டு, ஒற்றைக் காலில் தவம் புரிகிறவர் அர்ஜுனனா பகீரதனா என்பதை மட்டும் ஒரு வரி எழுதிவைக்காமல் போய்விட்டார்கள் பல்லவர்கள். எழுத்துக்குப் பஞ்சமா என்றால், அதுவும் இல்லை. அதே வம்சத்து ராஜசிம்மன் காஞ்சி கைலாசநாதர் கோயிலில் தன் விருதுப் பெயர்களை மட்டும் சுமார் 250 வரை வெட்டிவைத்திருக்கிறான். பாசுபதாஸ்திரம் கேட்ட அர்ஜுனன் என்று ஒரு சாராரும், கங்கையைக் கேட்ட பகீரதன் என்று மற்றொரு சாராரும் இன்றளவும் வாதிடுகிறார்கள். ஆனால் அந்த ஜன சமுத்திரத்தின் அடியில், பாறைப் பிளவுக்குப் பக்கத்தில், கைகளை மேலே தூக்கிக்கொண்டு தபஸ்வியைப் போலவே பாவனை செய்கிற ஒரு பூனையும், அதன் யோக்கியதையை நம்பிக் கிட்டே வந்திருக்கும் எலிகளும் இருக்கின்றன அல்லவா? அதன் தாத்பரியம் குறித்து எந்தப் பண்டிதருக்கும் சந்தேகமில்லை, ஐஸ்கிரீம் தின்றுகொண்டே கடந்துபோன ஒரு சிறுமி, “போலிச் சாமியார்!” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்.

இவ்விஷயத்தில் ராஜசிம்மனைவிட அவன் மூதாதை மகேந்திரவர்மன் கெட்டிக்காரன் என்பது என் துணிபு. விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டில் குகைக் கோயில் குடைந்தவன், அதன் அழகைப்பற்றி வாய் திறக்காமல், செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை என்று, இல்லாதவற்றின் ஜாபிதாவைக் கல்வெட்டில் பொறித்துவிட்டான். செயற்கை நிறம் சேர்க்கவில்லை, சர்க்கரை சேர்க்கவில்லை என்று இன்று டப்பாக்களின்மேல் அச்சிடுகிறவர்கள், ஏழாம் நூற்றாண்டிலேயே வழிகாட்டிய அந்த விசித்திரசித்தனுக்கு ஒரு நமஸ்காரமாவது செய்யவேண்டும்.

திரும்பி வந்து, நான் எழுதிக்கொண்டுபோன வாக்கியங்களை வாசித்துக் காட்டினேன். உலகக் கைவினை மன்றம் 2015-இல் இவ்வூரைக் கற்சிற்ப நகரமாக அங்கீகரித்ததையும், 2017-இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததையும் கோத்து ஒன்று எழுதியிருந்தேன். “அது ஊருக்கே குடுத்தது மாமா. எதிர்க்கடைக்காரரும் போட்டுக்குவாரே?” என்றார் மைத்துனர். இளைஞர் கைதட்டினார். 1957-இல் தொடங்கப்பட்ட இவ்வூர்ச் சிற்பக் கல்லூரியின் முதல்வராக நெடுங்காலம் இருந்து, குறளின் 133 அதிகாரங்களையும் 133 அடியாக்கிக் கன்னியாகுமரியில் நிறுத்திய கணபதி ஸ்தபதியின் மரபில் வந்தவர் என்று மற்றொன்று. “தெருவுல பாதிப்பேரு அந்த மரபுதான்” என்று அதுவும் தள்ளுபடியாயிற்று. ஊர்ப் பெருமையையே சொல்லலாமென்றால், அதில் மைத்துனருக்கு வேறொரு தாபம் உண்டு: 2022-இல் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது பக்கத்துப் பூஞ்சேரியில், அதன் சின்னமான, வேட்டி கட்டிய ‘தம்பி’ என்னும் குதிரை, பார்த்த மாத்திரத்தில் தமிழ்நாட்டைச் சொல்லிவிட்டது, ஆனால் சதுரங்கக் கட்டம் வரைந்ததென்னவோ சென்னை நேப்பியர் பாலத்தில், பெயரும் சென்னைக்குத்தான். போதாக்குறைக்கு, இத்தனை சிற்பங்களை விட்டுவிட்டு, சிற்பமே இல்லாத வெண்ணெய் உருண்டைப் பாறையின் முன்னால்தான் 2019-இல் இந்திய, சீனத் தலைவர்கள் இருவரும் கைகோத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள் என்பதும் அவர் மனத்தில் ஆறாமல் கிடக்கிறது.

சேதியைச் சொல்லிவிட்டால் போதாது, அது தவறாமல் நடக்கவும் வேண்டும் என்ற பயமும் எனக்கு இருந்தது. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து பிரசாதம் உண்டு போகும் என்ற ஒரே செய்தியை நம்பி, தேசமெங்குமிருந்து ஜனங்கள் வெயிலில் மலையேறினார்கள். சென்ற நூற்றாண்டு முடிகிற தறுவாயில் பட்சிகள் வருவதை நிறுத்திக்கொண்டன. அர்ச்சகர் என்ன செய்வார், பாவம்! ஆகவே நம் கையில் உள்ளதை மட்டுமே சொல்லவேண்டும் என்று நான் உபந்நியாசம் செய்துகொண்டிருக்கையில், லாரியில் புதிதாகக் கல் வந்து இறங்கியது. மைத்துனர் எங்களை மறந்து எழுந்துபோய், சின்னச் சுத்தியலால் ஒவ்வொன்றையும் தட்டிக் காதைச் சாய்த்தார். மணிபோல் ஒலிப்பது ஆண் கல், சுவாமிக்கு. தாளம்போல் ஒலிப்பது பெண் கல், அம்பாளுக்கு. ஓசை எழும்பாதது தளவரிசைக்கு. ஒன்றைத் தட்டியவர் முகம் சுளித்து, “உள்ளே விரிசல், திருப்பி ஏத்து” என்று டிரைவரிடம் சொல்லிவிட்டார். எனக்கோ கல் முழுசாகத்தான் தெரிந்தது.

இளைஞர் நந்தியை விட்டுத் துள்ளி எழுந்தார். அரை மணியில் வாக்கியம் தயாராயிற்று: ‘தட்டிப் பார்த்து வாங்குங்கள்.’ பழைய பலகை இறங்கியது. ஆட்டுக்கல், கல்லறை, ஜெனரேட்டர் எல்லாம் அதோடு மறைந்தன. மைத்துனர் கல்லைத் தட்டுகிற ஓசை மட்டும் கேட்கிற வீடியோக்கள் வாரந்தோறும் வெளியாயின.

ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். தட்டவும் தொடங்கினார்கள். சுற்றுலா பஸ்ஸில் வந்த பள்ளிப் பிள்ளைகள் கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டு, கண் திறக்கக் காத்திருந்த விநாயகரின் தும்பிக்கையைத் தட்டியதில், மைத்துனர் இரண்டாவதாக ஒரு சிறு பலகை எழுதி உள்ளே மாட்டினார்: ‘முடிந்த சிலைகளைத் தட்டாதீர்கள்.’ முன்னதற்குப் பின்னது முரண் என்று இளைஞர் வருத்தப்பட்டார். ஆனால் அந்த மாதம் மூன்று அம்பாளுக்கு அச்சாரம் வந்திருந்தபடியால் அவர் வருத்தத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. சென்ற வெள்ளிக்கிழமை வந்த ஒரு பெரியவர் மட்டும், கற்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே கொல்லைப்புறம் வரை போய், அங்கிருந்த ஜெனரேட்டரையும் ஒரு தட்டுத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “இது வாடகைக்குக் கிடைக்குமா?” என்று விசாரித்தாராம்.