பருஃபியோவின் எருமை: மந்திரச் சொல்லிலக்கணம் குறித்த ஓர் ஆராய்ச்சி

ஜே.கே. ரௌலிங் அம்மையார் 1997 முதல் 2007 வரை ஏழு பாகங்களாக வெளியிட்ட ஹாரி பாட்டர் கதைகளைச் சிறுவர்கள் படித்துக் களித்தார்களேயன்றி, அவற்றில் மலிந்து கிடக்கும் நூதனப் பதங்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனப் பகுத்து ஆராய ஒருவரும் துணியாமையால், அந்தப் பாரம் நம் தலைமேல் விழுந்தது.

மந்திரம் அறியாத பாமரரைக் குறிக்கும் 'மகுள்' 2003இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஏறிவிட்டபடியால் இயற்சொல். டாம் மார்வோலோ ரிடில் என்ற தன் பெயரின் எழுத்துக்களைக் கலைத்தடுக்கி வில்லன் வோல்டெமார்ட் ஆனது திரிசொல். திசைச்சொல் உண்டு. பொருளை வரவழைக்கும் 'அக்கியோ', வதைக்கும் 'க்ரூஸியோ' ஆகியவை லத்தீன் தன்மை ஒருமை வினைகள். எனினும் ரோமாபுரி இங்கிலாந்துக்குத் தெற்கே இருத்தலால் இவை வடசொல்லாகா, தென்சொல்லே என்பதை யான் எழுத உத்தேசித்துள்ள நூலின் முதற்பாகத்தில் காண்க.

இறகை எழுப்பும் மந்திரத்தை மாணவன் ரான் எத்தனை முறை கத்தியும் பயனின்றிப் போக, 'விங்கார்டியம்' என்பதில் 'கார்' நெடிலென்று கடிந்த சக மாணவி ஹெர்மயனி உச்சரித்ததும் இறகு அவர்கள் தலைக்கு மேல் நான்கடி உயர்ந்து நின்றது. மிகுந்தது ஒரேயொரு மாத்திரை. (இறகு கிடந்த மேசையின் உயரத்தைக் கழிக்க வேண்டுமா என்பது அந்நூலின் இரண்டாம் பாகத்தில், மூன்றாம் பதிப்பின்போது நீக்கப்படவிருக்கும் அடிக்குறிப்பில் விவாதிக்கப்படும்.)

நம் நெஞ்சை உறுத்துவது பருஃபியோவின் கதி. ஓரெழுத்தைப் பிறழ உச்சரித்த அந்த மந்திரவாதி, மார்பின்மேல் எருமையோடு தரையில் கிடந்தான் என்று ஆசிரியர் ஃபிளிட்விக் மாணவரை எச்சரிக்கிறார். 'ஃப' வரவேண்டிய இடத்தில் 'ஸ' வந்ததாம். அவன் பெயரிலேயே, ஆங்கில எழுத்தின்படி, அந்த 'ஃப' இரட்டித்து நிற்றலால், அன்று அவன் பிறழ உரைத்தது மந்திரத்தையன்று, தன் பெயரையே என்பது நம் துணிபு. இதை மறுக்கவிருக்கும் வித்வான் ஒருவரின் மறுப்புக்கு மறுப்பும், அம்மறுப்பின் ஒற்றுப்பிழைத் திருத்தமும் நம்மிடம் இப்போதே தயார். ஒற்று மிகுமா மிகாதா என்று முப்பது பக்கம் எழுதிக் குவிக்கும் நம்மவர் மார்பில் இதற்குள் ஒரு மந்தையே ஏறியிருக்க வேண்டும். ஏறியதை அவர்கள் கவனிக்கவில்லை போலும்.

எஞ்சியிருப்பது, அவ்விலங்கு நாட்டெருமையா காட்டெருமையா என்னும் வினா. இருதரப்பாரும் ஆதாரங்களைத் திரட்டி வருகிறார்கள். அவனை யாரேனும் தூக்கிவிட்டார்களா என்று மட்டும் எவரும் இதுவரை கேட்கவில்லை.